ஆடுகிறவன்மேல் ஒரு வாளி

காலையில் எழுந்தான். படுக்கையை உதறி மடித்தான். பல் தேய்த்தான். டீ போட்டான். அடுப்பை அணைத்துவிட்டுக் குனிந்து கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினான். மூடியதைத் தொட்டுப் பார்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அது ஆறும்வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு திரும்பவும் போய் வால்வைத் தொட்டுப் பார்த்தான்.

இது அவன் மனைவியின் பழக்கம். அவள் இருந்தவரை இதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறான். இப்போது அவள் இல்லை. கேலி செய்ய ஆளில்லாமல் பழக்கம் மட்டும் அவனிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

மாமனார் மேசை முன்னால் உட்கார்ந்து டீயை ஒரு வாய் குடித்தார். மருந்து குடிக்கிறவர் முகம். சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மிச்சத்தையும் விழுங்கினார்.

“இன்னிக்கு நானும் வரேன் மாப்பிள்ளை,” என்றார். “அவ வேலை பார்த்த இடத்துல சோதனைன்னு சொன்னீங்களே.”

“வெயில் அதிகமா இருக்கும் மாமா.”

“எனக்குன்னு தனியா ஒரு வெயிலா அடிக்கப்போகுது?”

இருவரும் கிளம்பினார்கள். கதவைப் பூட்டியபின் அவன் மறுபடி திறந்து உள்ளே போய் வால்வைத் தொட்டுவிட்டு வந்தான். மாமனார் வாசலில் காத்திருந்தார். மகள் இருந்தபோதும் அவர் இப்படித்தான் வாசலில் நின்றிருக்கிறார்.

அவனை எல்லோரும் ‘வாளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பந்தயக் கார் ஷெட்டில் வேலை. வண்டிக்கு எரிபொருள் ஊற்றுவது அவன் பொறுப்பு. அவர்கள் வண்டி குடிப்பது மெத்தனால். அது பெட்ரோல் மாதிரி நாலு பேருக்குத் தெரிய எரிகிற சாமான் அல்ல. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. புகையும் வராது. பேசிக்கொண்டே நிற்கிறவன் திடீரென்று கையை உதறுவான், குதிப்பான், தொடையில் அடித்துக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு அவனுக்கு ஏதோ சந்தோஷச் செய்தி வந்தது போலிருக்கும். உண்மையில் அவன் எரிந்துகொண்டிருப்பான். நல்ல வேளையாக இந்தத் தீ தண்ணீருக்கு அடங்கும். அதனால் ஷெட்டில் ஒரு விதி உண்டு. ஆடுகிறவனைக் கண்டால் முதலில் தண்ணீரை ஊற்று. எதற்கு ஆடினாய் என்பதை அப்புறம் கேள்.

விதியைப் போட்டவள் அவன் மனைவி. அந்த ஷெட்டின் தீக்காவல் அவள்தான். பக்கத்து ஷெட்டில் இன்ஜின் ஓடும்போதுகூட அவள் குரல் கேட்கும் என்பதால் அவளுக்குச் ‘சைரன்’ என்று பெயர். எரிபொருள் மூலையில் ஒரு முக்காலி, தலையில் சிவப்புத் தொப்பி, காலடியில் தண்ணீர் நிறைந்த பீப்பாய், அதைச் சுற்றி வாளிகள். சுவரில் மாட்டிய தீயணைப்பு சிலிண்டருக்கு அவள் வைத்த பெயர் ‘சிவப்பன்’. ஷெட்டில் யாரும் அதை வேறு பெயரில் சொல்வதில்லை.

தண்ணீர் மெத்தனாலுக்கு மட்டும்தான். எண்ணெயோ மின்கம்பியோ பற்றினால் தண்ணீர் காரியத்தைக் கெடுக்கும். அதற்குச் சிவப்பன் வேண்டும். ஆகவே அவளுக்கு இரண்டாவது விதி ஒன்றும் இருந்தது. சிவப்பனுக்கு முன்னால் யாரும் எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் அவள் திட்டமாட்டாள். பொருள் காணாமல் போகும். தலைமை மெக்கானிக்கின் சாப்பாட்டுப் பை ஒருமுறை டயர் அடுக்கின் நடுவிலிருந்து கிடைத்தது. முதலாளியின் சாய்வு நாற்காலியைத் தேடாத இடமில்லை. மழை பெய்தபோது கூரையிலிருந்து வந்த ஒழுகலைப் பார்க்க ஏறியவன்தான் அதைக் கண்டுபிடித்தான்.

அவனும் அவளும் சந்தித்ததே தண்ணீரில். வேதியியல் பட்டத்தோடு முதல் நாள் வேலைக்கு வந்து நின்றான். ஷூவுக்குள் எறும்பு புகுந்தது. காலை உதறினான். அடுத்த நொடி தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரில் காலி வாளியோடு அவள். எறும்பு என்றான். தீ என்றாள். தீ இல்லவே இல்லை என்றான். நீ பார்த்தாயா என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வழக்கு தீரவில்லை. சண்டை வரும்போதெல்லாம், உன் உயிரைக் காப்பாற்றினவளிடமா இப்படிப் பேசுகிறாய் என்பாள். வாளி என்ற பெயரும் அன்று வந்ததுதான்.

வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். குடலில் வெடிப்பு, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். திறந்தார்கள். அவள்தான் கண்ணைத் திறக்கவில்லை.

அந்த நாளில் அவனுக்கு நினைவிருப்பது கொஞ்சம். தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் அவனைத் திட்டியது நினைவிருக்கிறது. காலிக் கட்டிலை எதுக்கு சார் உருட்டிக்கிட்டுப் போறீங்க என்று கேட்டாள். அவன் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. காது அடைத்துக்கொண்டது போல எல்லாம் தூரத்தில் நடந்தது.

மனைவியை இழந்தவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கடைசியாக என்ன சொன்னாள்? முதலில் மாமனார் கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உண்மையில் அவள் சொன்னது ஒரு தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்படி இல்லை. அவன் வாயில் வந்ததைச் சொன்னான். “உங்களைச் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னா மாமா.”

டாக்டர் வருடக்கணக்காகத் தொண்டை வற்றச் சொல்லியும் கேட்காத மனிதர் அன்றோடு சர்க்கரையை விட்டார். பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அடுத்துத் தலைமை மெக்கானிக் கேட்டார். எரிபொருள் கிடங்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிகரெட் பிடிக்கிறவர். அவளுக்கும் அவருக்கும் அதில் தீராத பகை. “அண்ணனைச் சிகரெட்டை விடச் சொன்னா,” என்றான். விட்டுவிட்டார். இப்போது நாள் முழுக்க ஏலக்காயை மெல்கிறார். பக்கத்தில் போனால் பாயசச் சட்டிக்குள் தலையை விட்டது போல இருக்கும். ஓட்டுநர் கேட்டான். தீப்பிடித்தால் வண்டியிலிருந்து குதித்து வெளியேறும் பயிற்சிக்கு வராமல் டிமிக்கி கொடுக்கிறவன் அவன். அதை ஒழுங்காகச் செய்யச் சொன்னதாக அவனுக்கு ஒன்று. இப்போது தினமும் காலையில் கண் கலங்க ஏறி இறங்குகிறான்.

இதுவரை நல்ல காரியம். அதற்கப்புறம் அவனுக்குக் கை ஊறியது. முதலாளி வந்து கேட்டபோது, “நம்ம முதலாளி பேர்மேல ஒரு பொறிகூட விழக்கூடாதுன்னா,” என்று அவிழ்த்துவிட்டான். முதலாளி அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். பெயின்டரைக் கூப்பிட்டு அதை ஷெட்டின் பின்சுவரில் தங்க நிறத்தில் எழுதவைத்தார். அவள் பெயர் கீழே சின்னதாக. அணியின் பெயர் மேலே பெரிதாக.

கடைசியாக முதலாளியின் தம்பி வந்தார். விளம்பரம் பார்க்கிறவர். எந்நேரமும் போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னையே படம் எடுத்துக்கொள்கிறவர். அவளிடம் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டார். இருந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னான். “சின்ன முதலாளி நல்லா ஆடுவார்னு சொன்னா சார்.” அன்றிலிருந்து சின்ன முதலாளி அணியின் எல்லா விளம்பரப் படத்திலும் ஆடுகிறார். அதைப் பார்க்கும்போது மட்டும் வாளியின் உதடு லேசாக ஒரு பக்கம் போகும். அவ்வளவுதான் அவனுக்கு இப்போதெல்லாம் வருகிற சிரிப்பு.

தீக்காவல் வேலையையும் அவனே சேர்த்துப் பார்க்கிறான். பார்க்கிறான் என்று சொல்லமுடியாது. முக்காலியில் உட்கார்வதில்லை. சிவப்புத் தொப்பி ஆணியில் தொங்குகிறது. பயிற்சியில் ஒருவன் ஆடினால் எல்லோரும் வாளியைத் தூக்குவார்கள். இவன் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நாளைக்குப் பந்தயம். காலையில் தீ அதிகாரி சோதனைக்கு வருகிறார். அவர் கையால் பச்சை ஸ்டிக்கர் கிடைக்காவிட்டால் ஷெட் கதவு திறக்காது, வண்டி வெளியே போகாது. அப்படி நடந்தால் அடுத்த பந்தயத்திலிருந்து தீக்காவலுக்கு வெளி ஆட்கள் வருவார்கள். முக்காலி, பீப்பாய், தொப்பி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிடலாம்.

சரி சார் என்றுதான் அவன் சொன்னான். ஆனால் அன்று தூங்கும்வரை அந்த முக்காலியை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தான். வெகு காலத்துக்குப் பிறகு அவனுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்த முக்காலி அங்கேயே இருக்க வேண்டும்.

தீ அதிகாரியின் சோதனை ஊரறிந்தது. யாரையாவது அனுப்புவார். அந்த ஆள் சாதாரணமாக உள்ளே வந்து, தீயே இல்லாமல் தீப்பிடித்தவன் போல ஆடுவான். ஷெட்டில் உள்ளவர்கள் விழித்துக்கொள்வதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அதிகாரி பார்ப்பார். யார் வருவான், எப்போது வருவான் என்பது தெரியாது. ஆகவே அன்று காலை ஷெட்டில் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்கள். தலைமை மெக்கானிக் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் வாளியுமாக வேலை செய்தார்.

முதலில் மாட்டியது டயர் கொண்டுவந்த டிரைவர். பாவம், காதருகே ஒரு குளவி பறந்தது. கையை ஒரு வீசு வீசினார். அவ்வளவுதான், ஓட்டுநர் ஒரு பக்கம், மெக்கானிக் ஒரு பக்கம். அந்த ஆள் மூச்சு வாங்க, குளவிங்க, குளவி என்றார். குளவி அவர் தோளிலிருந்து சொட்டச் சொட்டப் பறந்து போனது. மாமனார் வெளியாட்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இருந்திருந்தால் குளவிக்கும் சேர்த்து ஊற்றியிருப்பாள் என்றார்.

வாளி ஊற்றவில்லை. வாளியைத் தூக்கினான். அதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து சின்ன முதலாளி வந்தார். அவர் வருவதற்கு முன்னால் ஒரு கட்-அவுட் வந்தது. ஓட்டுநரின் ஆளுயரப் படம், தடித்த அட்டையில். கையைக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தது. அதை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். வாசலில் வெளிச்சம் அதிகம் என்றார். டயர் அடுக்கின் பக்கம் இருட்டு என்றார். கடைசியில் எரிபொருள் மூலையில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்தார். பாட்டைப் போட்டார். கட்-அவுட்டுக்கு முன்னால் நின்று ஆட ஆரம்பித்தார்.

தோளை இரண்டு குலுக்கு குலுக்கியிருப்பார். தலைமை மெக்கானிக்கின் வாளி நேராக மார்பில் போய் இறங்கியது.

“யோவ், நான்யா!” என்றார் சின்ன முதலாளி.

“ஆடினா ஊத்தணும் சார். சைரன் போட்ட விதி,” என்றார் மெக்கானிக். ஏலக்காய் வாசம் வீசியது.

“அவங்கதான்யா ஆடச் சொன்னாங்க! கடைசியா அதைத்தான் சொல்லிட்டுப் போனாங்க, கேட்டுப் பாரு வாளியை.”

மெக்கானிக் மெல்வதை நிறுத்தினார். “கடைசியா சொன்னது என் சிகரெட்டைப் பத்தி,” என்றார். ஓட்டுநர் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, பயிற்சி என்றான். முதலாளி பின்சுவரைச் சுட்டிக் காட்டி, இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு, கண்ணு தெரியலையா என்று கேட்டார். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

“சர்க்கரை,” என்றார். “என் பொண்ணு கடைசியா சொன்னது சர்க்கரை.”

எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். அவன் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல நின்றான். ஒரு பெண் ஒரே மூச்சில் இவ்வளவும் சொல்லியிருக்கலாம் என்று வாதாடிப் பார்க்கலாமா என்று யோசித்தான். சொல்லியிருந்தால் ஆபரேஷனுக்கே நேரம் இருந்திருக்காது.

அந்த நேரத்தில் தீ அதிகாரி உள்ளே நுழைந்தார். அவன் வாழ்க்கையில் ஒரு அதிகாரியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தடித்த, நிதானமான மனிதர். சைரன் இருந்த காலத்திலிருந்தே இந்த ஷெட்டுக்குச் சோதனைக்கு வருகிறவர். பேச்சு குறைவு. ஷெட்டை ஒரு சுற்று பார்த்தார். ஈரத்தில் நிற்கும் சின்ன முதலாளியைப் பார்த்தார். பின்சுவரைப் படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்தார். வேறொன்றும் செய்யவில்லை.

எல்லோரும் அவர் கைகால்களையே பார்த்தார்கள். அவரே ஆடப்போகிறார் என்று மெக்கானிக் ஓட்டுநர் காதில் சொன்னார். அதிகாரி காதைச் சொறிந்தார். மூன்று வாளிகள் தரையிலிருந்து எழும்பின. கையை இறக்கினார். வாளிகளும் இறங்கின. காலை மாற்றிப் போட்டார். மறுபடி எழும்பின. முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. தவறுதலாகக்கூட இவர்மேல் ஊற்றிவிட்டால் என்ன ஆகும், ஊற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று மாறி மாறி முணுமுணுத்தார்.

மெக்கானிக்கின் ஏலக்காய் நெடி எட்டியதோ என்னவோ, அதிகாரியின் மூக்கு சுருங்கியது. கண் இடுங்கியது. தலை பின்னால் போனது. இரண்டு கையும் தூக்கிக்கொண்டது.

அவர் தும்மி முடிப்பதற்குள் மூன்று வாளியும் காலி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ கிளாஸைப் பார்த்தார். அது நிறைந்திருந்தது.

“சுறுசுறுப்பு நல்லாத்தான் இருக்கு,” என்றார். “இது சோதனை இல்லை.”

முதலாளி பேயறைந்தவர் போல ஆனார். அப்போ சோதனை எப்போது என்று மெதுவாகக் கேட்டார்.

“நான் வந்ததுலேர்ந்து நடந்துக்கிட்டிருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க. வண்டிக்கு எரிபொருள் ஊத்தணுமில்ல, ஊத்துங்க.”

பக்கத்து ஷெட்டில் இன்ஜினைக் கிளப்பினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. எல்லோரும் காதில் அடைப்பை வைத்துக்கொண்டார்கள். இனி யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. முதலாளி கையை ஆட்டி எரிபொருள் ஊற்றச் சொல்ல நினைத்தார். ஆட்டினால் ஊற்றிவிடுவார்களோ என்று பயந்து கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையால் ஜாடை காட்டினார்.

வாளி தீத்தாங்கும் உடையின் கழுத்தை மூடினான். வண்டியை நிலத்தோடு இணைக்கும் கம்பியின் கிளிப்பை மாட்டினான். எரிபொருள் கேனின் மூடியைத் திறந்தான். கேன் திறந்தபின் ஊற்றுகிறவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அதுவும் அவள் போட்ட விதி. காலடியில் ஒரு வாளி தண்ணீர் இருக்கும். அவன் தொடக்கூடியது அது ஒன்றுதான்.

மற்றவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் ஆடப்போகிறார்கள் என்று தேடினார்கள். அவன் குழாயைக் கையில் எடுத்தான். ஊற்றுவதற்கு முன்னால் வலப்பக்கம் ஒருமுறை பார்ப்பது அவன் வழக்கம். முன்பு அங்கே அவள் இருப்பாள். தொப்பியை லேசாகத் தூக்கிக் காட்டுவாள், ஊற்றலாம் என்று. இத்தனை மாதமாக அவன் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. காலி முக்காலியைப் பார்ப்பதற்கு எதற்குத் திரும்ப வேண்டும்?

இன்று திரும்பினான். இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று முக்காலியைப் பார்க்கத்தான் திரும்பினான். முக்காலி இருந்தது. அதற்கு மேலே ஆணியில் தொப்பி இருந்தது. அதற்குப் பக்கத்தில், எப்போதும் சிவப்பாக ஒன்று தெரிய வேண்டிய இடத்தில், ஓட்டுநரின் பல் தெரிந்தது.

அட்டை ஓட்டுநர் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாளி குழாயை அதன் கொக்கியில் மாட்டினான். கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. இடத்தை விட்டு நகரக் கூடாது. குனிந்து காலடி வாளியைத் தூக்கினான். தாமதிக்கவில்லை. இந்த வருடத்தில் முதல்முறையாகத் தாமதிக்கவில்லை. பக்கவாட்டில் ஒரு வீச்சு. தண்ணீர் முழுசாகப் போய் அட்டை ஓட்டுநரின் காதோடு சேர்த்து அறைந்தது. அவன் சிரித்த முகம் மாறாமல் முக்காலிப் பக்கம் சாய்ந்து, இடுப்பில் மடிந்து, தரையில் குப்புற விழுந்தான்.

நிஜ ஓட்டுநர் வண்டியிலிருந்து குதித்தே விட்டான். பயிற்சி வீண்போகவில்லை. சின்ன முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஆடாத அட்டைமேல் ஊற்றுகிறான் என்று மெக்கானிக்கின் வாயசைவு சொன்னது. அப்புறம் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அட்டை இருந்த இடத்தில் சிவப்பன் இருந்தான். நனைந்து பளபளவென்று இருந்தான்.

அதிகாரி எழுந்தார். கேனை அவரே மூடினார். ஈரச் சட்டைப் பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்துக் கதவு நிலையில் ஒட்டப் பார்த்தார். அது நனைந்து போயிருந்ததால் ஒட்டவில்லை. மெக்கானிக் டேப் கொண்டுவந்தார்.

பக்கத்து இன்ஜின் நின்றதும் அதிகாரி பேசினார். கட்-அவுட்டை அவர் வைக்கவில்லை. நுழைந்ததும் கண்ணில் பட்டது. எரிபொருள் ஊற்றுகிற வரைக்கும் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார். முதல் சொட்டு விழுந்திருந்தால் கதவைப் பூட்டியிருப்பார்.

“எல்லாரும் ஆடுறவனையே தேடினீங்க,” என்றார் முதலாளியிடம், சிவப்பனைக் காட்டி. “அது வேடிக்கை, அதனால மறக்கலை. இதை மறந்துட்டீங்க.” பிறகு சின்ன முதலாளியிடம், அந்த அட்டையைக் கூரைமேல வைங்க, அந்தம்மா இருந்தா அங்கதான் வெச்சிருக்கும் என்றார்.

முதலாளி வாளியின் தோளில் கை வைத்தார். வெளி ஆட்களைப் பற்றி இனிமேல் பேச்சில்லை என்றார். முக்காலி அங்கேயே இருக்கட்டும் என்று அவன் சொன்னான். யார் அதைத் தொட்டது என்று முதலாளி அவனிடமே கோபித்துக்கொண்டார்.

வண்டி போனது. ஷெட் காலியானது. தரையெல்லாம் தண்ணீர். அவன் முக்காலியைத் துடைத்து அதில் உட்கார்ந்தான். மாமனார் பீப்பாயின் விளிம்பில் சாய்ந்து நின்றார். மெக்கானிக் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

“மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “சர்க்கரையைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலை, இல்ல?”

“இல்ல மாமா.”

“ஒரு வார்த்தைகூட?”

“இல்ல.”

மாமனார் மெக்கானிக்கிடம் கிளாஸை நீட்டி, இரண்டு கரண்டி போட்டுக் கொண்டுவாங்க தம்பி என்றார். மெக்கானிக் நகரவில்லை. அவர் வேறொன்றைக் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ சிகரெட்டும்...”

“அது அவ உயிரோட இருந்தப்ப தினமும் சொன்னதுதானே அண்ணே.”

மெக்கானிக் யோசித்தார். பையிலிருந்து இன்னொரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சரி, எங்களை எல்லாம் விடுங்க,” என்றார் மாமனார். குரல் தணிந்திருந்தது. “உங்ககிட்ட என்னதான் சொன்னா?”

வாளி சிவப்பனைப் பார்த்தான். அவனைத் தழுவி இறங்கிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவன் கூடவே ஓடினான். கதவுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தினார்கள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று குனிந்தான். தனக்கென்று ஒன்று, வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி ஒன்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. அவன் தோளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். வலியிலும் முகத்தைச் சுளித்தாள். நல்ல கோபம். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஷெட்டில் கூப்பிடுகிற பெயரை.

“வாளி, அந்தக் காலிக் கட்டிலைத் தள்ளி வை. சிவப்பனை மறைச்சுக்கிட்டு நிக்குது பாரு.”